ஒரு முழம் நீளமான கப்பல்

(ஆண்டின் பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வாசகங்கள்: சபை உரையாளர் 1:2, 2:21-23, கொலோசையர் 3:1-5, 9-11, லூக்கா 12:13-21)



இன்றைய நற்செய்தியில் வரும் செல்வர் திருடர் அல்லர். கூலியைப் பிடித்துக்கொண்டார் என்றோ, அளவையில் ஏமாற்றினார் என்றோ, ஏழையின் காணியை வளைத்துப்போட்டார் என்றோ லூக்கா எழுதவில்லை. அவருடைய நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். மழை பெய்தது, வெயில் அடித்தது, மண் அள்ளிக் கொடுத்தது. வந்த விளைச்சல் களஞ்சியத்தில் அடங்கவில்லை. மிஞ்சியதை யாருக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. இருக்கிற களஞ்சியத்தை இடித்துவிட்டு இன்னும் பெரிதாகக் கட்ட வேண்டும் என்பதே தோன்றியது. உவமையை மறுபடி வாசித்துப் பாருங்கள். அவர் பேசுவதெல்லாம் தம்மோடு மட்டுமே. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, கதிர் அறுத்துக் கொடுத்த ஆள் இல்லை, அடுத்த வீட்டார் இல்லை. அன்றிரவே அவர் உயிர் போகிறது.

இந்த உவமை இன்று கடலில் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உலகின் மிகப் பெரும் செல்வர்கள் தங்களுக்கென்று தனியாகச் சொகுசுக் கப்பல் கட்டிக்கொள்கிறார்கள். சரக்கு ஏற்ற அல்ல, பயணிகளுக்கும் அல்ல. ஒரு குடும்பமும் அதன் விருந்தினரும் தங்குவதற்கு. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்குப் படகு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படகு எத்தனை அடி நீளம் இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யும்போது அதற்குக் காரணம் இருக்கும். எத்தனை பேர் ஏறுவது, எவ்வளவு வலை கொள்ளும், எத்தனை நாள் தங்குகடலுக்குப் போவது என்று கணக்குப் பார்ப்பீர்கள். அவர்கள் நீளத்தைக் கணக்கிடுவது இன்னொருவருடைய கப்பலைப் பார்த்து.

1984இல் டென்மார்க்கில் சவூதி அரச குடும்பத்துக்காக 147 மீட்டர் நீளத்தில் ஒரு கப்பல் கட்டினார்கள். 22 ஆண்டுகள் அதை மிஞ்ச எவரும் இல்லை. 2006இல் துபாய் ஆட்சியாளருக்காக 162 மீட்டரில் 'துபாய்' வந்தது. 2010இல் ரஷ்யச் செல்வர் ரோமன் அப்ரமோவிச்சுக்காக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 'எக்லிப்ஸ்' கட்டி முடிந்தது. இரண்டு ஹெலிகாப்டர் தளங்கள், நீச்சல் குளம், உள்ளே ஒரு நீர்மூழ்கிக் கலம். அதன் நீளம் 162.5 மீட்டர். துபாயைவிட அரை மீட்டர்தான் கூடுதல். நம் கணக்கில் ஒரு முழமும் சில விரற்கடையும். உலகின் மிகப் பெரிய தனியார் கப்பல் என்ற பெயர் அந்த ஒரு முழத்தில் கைமாறியது. மூன்றே ஆண்டுகள். 2013இல் அபுதாபி ஆட்சியாளருக்காக 180 மீட்டரில் 'அஸாம்' வந்ததும் அந்தப் பெயரும் போயிற்று.

நாம் வாசித்த பகுதிக்கு அடுத்து, அதே 12ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் சீடர்களிடம் ஒன்று கேட்கிறார். கவலைப்பட்டு உங்களில் எவரால் தம்மோடு ஒரு முழத்தைக் கூட்டிக்கொள்ள முடியும் என்ற பொருளில் அந்தக் கேள்வி. ஹாம்பர்க்கில் எஃகைக்கொண்டு அந்த முழத்தைக் கூட்டினார்கள். கப்பலுக்குக் கூடியது. மனிதருக்குக் கூடியதா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் 2003இல் 126 மீட்டரில் 'ஆக்டபஸ்' வாங்கினார். அடுத்த ஆண்டு ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எல்லிசன் 138 மீட்டரில் 'ரைசிங் சன்' வாங்கினார். ஆலனுடையதைத் தாண்ட வேண்டும் என்பதற்காகவே கட்டும்போது நடுவில் வரைபடத்தை மாற்றி நீட்டினார்கள் என்று கப்பல் உலகில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே ஜெர்மன் நிறுவனம் கட்டியவை.

சகோதரர்களே, இதில் எது என்னைக் கலங்கவைக்கிறது தெரியுமா? பணத்தின் அளவுகூட அவ்வளவு இல்லை. "போதும்" என்று சொல்ல இவர்களுக்கு வழியே இல்லாமற்போனதுதான். பசி உள்ளவருக்கு வயிறு நிறைந்தால் போதும். குளிருக்குப் போர்வை கிடைத்தால் போதும். தேவைக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையில் மனிதர் நிம்மதியாக உட்கார முடியும். அடுத்தவரை அளவுகோலாக வைத்துக்கொண்டவருக்கு அந்த எல்லை கிடையாது. அளவுகோல் அவர் கையில் இல்லை. இன்னொரு துறைமுகத்தில், இன்னொருவர் கட்டிக்கொண்டிருக்கும் கப்பலில் இருக்கிறது. இன்று நாம் வாசித்த திருமுகத்தில் பவுலடியார் பேராசையைச் சிலைவழிபாட்டோடு சேர்த்து வைப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். சிலைக்குப் பசி அடங்காது. படையலிட்டவர்தான் ஓய்ந்துபோவார்.

இந்தக் கப்பல்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். பெரிய கப்பல் ஒன்றில் எழுபது, எண்பது, சிலவற்றில் நூறு ஊழியர்கள்வரை வேலை செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, பிரிட்டன் என்று பல நாட்டுப் பிள்ளைகள். நீர்மட்டத்துக்கு அருகே இடுங்கிய அறைகளில் இருவர் இருவராக அடுக்குக் கட்டிலில் படுக்கிறார்கள். விடிந்ததும் முதல் வேலை, இரவெல்லாம் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, ஒரு சொட்டுக்கூடக் காய்ந்து வெள்ளைத் தடம் விழாதபடி துணியால் துடைப்பது. உரிமையாளர் கப்பலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். பெரும்பாலான உரிமையாளர்கள் ஆண்டில் சில வாரங்கள்தான் வருகிறார்கள். கட்டிய விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு வேண்டும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் போடும் பொதுக் கணக்கு. உவமையில் வரும் களஞ்சியமாவது தானியத்தைக் காத்துவைத்தது. இந்தக் களஞ்சியம் தானே தின்கிறது. உக்ரைன் போருக்குப் பின் 2022இல் ரஷ்யச் செல்வர்களின் கப்பல்களை அரசுகள் முடக்கிவைத்தபோது, அந்தத் தீனிச் செலவு இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மக்கள் கட்டிய வரிப்பணத்தின் மேல் விழுந்தது.

காற்றுக்கும் ஒரு செலவு இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானுடவியல் ஆய்வாளர்கள் இருவர் 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நிரந்தர ஊழியர்களும் ஹெலிகாப்டர் தளமும் நீச்சல் குளமும் உள்ள ஒரு பெரும் சொகுசுக் கப்பல் ஆண்டுக்குச் சுமார் 7,020 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. நம் நாட்டில் ஒருவர் பங்குக்கு வருவது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன். ஒரு குடும்பத்தின் உல்லாசத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு இந்தியர்களின் பங்கு போகிறது. கடல் ஏறி வந்து நம் வீட்டு வாசலைத் தின்னும்போது அதில் இவர்கள் பங்கும் இருக்கிறது. 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரிய சரக்குக் கப்பல்களையும் பயணிகள் கப்பல்களையும் இந்தக் கரிமப் புகைக்கு விலை கட்டவைத்தது. தனியார் உல்லாசக் கப்பல்களை அந்தச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டது. அரிசி ஏற்றி வரும் கப்பல் புகைக்குக் கட்டணம் கட்டுகிறது, விருந்துக்குப் போகும் கப்பல் கட்டுவதில்லை. இது அநீதி. இதைப் பீடத்தின் முன் நின்று சொல்ல நான் தயங்கவில்லை.

மரத்தையும் பாருங்கள். இவற்றின் மேல்தளத்துக்கு அவர்கள் தேடிப் போவது மியான்மர்க் காட்டின் தேக்கு. நேரான ரேகை, கணு இல்லாத நீண்ட பலகை, உப்புத் தண்ணீருக்கு அசையாத எண்ணெய்ப் பசை. 2021இல் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசின் மர நிறுவனத்தின் மேல் தடை போட்டன. தேக்கு விற்ற பணம் துப்பாக்கி ஆகிறது என்பது அதற்குக் காரணம். வெறுங்காலில் நடக்க இதமான தளம் அது. அந்த மரம் எந்தக் கையிலிருந்து வந்தது என்று நடக்கும் கால் கேட்பதில்லை.

இறைவாக்கினர் எசேக்கியேல் கேட்டார். 27ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் நிதானமாக வாசியுங்கள். தீர் நகரத்தை அவர் ஓர் அழகிய கப்பலாக வருணிக்கிறார். அதன் பலகைகள் செனீர் மலையிலிருந்து, பாய்மரம் லெபனோனின் கேதுரு, துடுப்புகள் பாசானின் கருவாலி, தளத்தில் யானைத் தந்தம் இழைத்திருக்கிறது, பாய் எகிப்தின் பூவேலைத் துணி, மேற்கட்டி நீலமும் கருஞ்சிவப்பும். சீதோன் ஆள்கள் துடுப்புப் போடுகிறார்கள். ஒவ்வொரு பொருளும் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு தச்சரின் பொறுமையோடு எழுதுகிறார். அழகை அவர் இகழவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் செய்த கைகளை மதிக்கிறார். அதன்பின் நடுக்கடலில் கீழைக்காற்று அதை உடைக்கிறது. கரையில் நிற்கும் மாலுமிகள் தலையில் புழுதி வாரிப்போட்டு அழுகிறார்கள். தன் அழகு நிறைவானது என்று தீர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. அந்த அதிகாரத்தில் நான் காணும் குற்றம் அதுதான். லூக்காவின் செல்வரும் தம்மோடுதான் பேசிக்கொண்டார்.

சேர்த்து வைத்ததெல்லாம் யாருடையதாகும் என்று கடவுள் அந்தச் செல்வரிடம் கேட்டார் அல்லவா? சபை உரையாளரும் இன்று அதே வேதனையைச் சொல்கிறார். ஞானத்தோடு உழைத்துச் சேர்த்தவர் உழைக்காத ஒருவருக்கு விட்டுப் போகிறார் என்று. 'துபாய்' கப்பல் முதலில் துபாய்க்காகத் தொடங்கியது அன்று. 1996இல் புரூணை நாட்டு இளவரசர் ஒருவருக்காக அதன் உடலைக் கட்டத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவருடைய நிதி உலகம் சரிந்தது, வேலை நின்றது, முடியாத கப்பல் வேறொருவர் கைக்குப் போனது. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் நோயோடு போராடிய காலத்திலும் 'வீனஸ்' என்ற 78 மீட்டர்க் கப்பலை நுணுக்கம் நுணுக்கமாக வடிவமைத்துக்கொண்டிருந்தார். 2011 அக்டோபரில் அவர் இறந்தார். 2012 அக்டோபரில் நெதர்லாந்தில் அந்தக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதில் அவர் ஒரு நாளும் பயணம் செய்யவில்லை. அந்த மனிதரை நினைத்து மனம் இளகுகிறது. ஒரு நல்ல கலைஞர் தம் கடைசி மாதங்களின் சிந்தனையை எதற்குக் கொடுத்தார் என்று நினைக்கும்போது இன்னும் இளகுகிறது.

இதற்கு ஒரு பதில் எப்போதும் வரும். கப்பல் கட்டுவதால் ஆயிரம் தொழிலாளர் குடும்பங்கள் சாப்பிடுகின்றன, அது தவறா என்று கேட்பார்கள். தொழிலாளரின் உழைப்பு மதிப்புக்குரியது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே உழைப்பு வேறு கப்பலையும் கட்டும். 'மெர்சி ஷிப்ஸ்' என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்காகச் சீனாவின் தியான்ஜின் நகரில் கட்டி 2021இல் முடித்த 'குளோபல் மெர்சி' என்ற கப்பலின் நீளம் 174 மீட்டர். அஸாமைவிட ஆறு மீட்டர்தான் குறைவு. அதற்குள் 6 அறுவை அரங்குகள் இருக்கின்றன. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நின்று, முகக் கட்டியோடும் வளைந்த காலோடும் வரும் ஏழைகளுக்கு அறுவை மருத்துவம் செய்கிறது. மருத்துவர்களும் செவிலியரும் ஊதியம் வாங்காமல் வருகிறார்கள். அங்கும் பற்றவைத்தவர் கூலி பெற்றார், வண்ணம் பூசியவர் கூலி பெற்றார்.

இன்றைய உவமையைப் பற்றிப் புனித பெரிய பசிலியார் ஆற்றிய மறையுரை நமக்குக் கிடைத்திருக்கிறது. கப்பதோக்கியாவின் செசரியா நகரில், இன்றைய துருக்கியில், நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அவர். 369ஆம் ஆண்டையொட்டி அங்கே கொடிய பஞ்சம் வந்தது. தானியத்தைப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருந்தவர்களின் முகத்துக்கு நேரே அவர் பேசினார். உன் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அப்பம் பசித்தவருடையது, பெட்டியில் இருக்கும் ஆடை உடுத்த இல்லாதவருடையது என்பது அவர் வாதத்தின் சாரம். பேசியதோடு நிற்காமல் கதவுகளைத் திறக்கவைத்தார், பசித்தவர்களுக்குத் தாமே உணவு பரிமாறினார், பின்னாளில் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் பெரிய இல்லம் எழுப்பினார். மிலான் ஆயர் புனித அம்புரோசியாரும் அதே வழியில் போதித்தார். செல்வருக்குக் களஞ்சியம் தேவையென்றால் ஏழைகளின் வீடுகள் இருக்கின்றன என்றார். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில் அம்புரோசியாரைத் துணைக்கு அழைத்து, பிறருக்கு அடிப்படைத் தேவையே இல்லாதபோது மிகுதியைத் தமக்கென்றே வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை என்று போதித்தார். இது திருச்சபையின் படிப்பினை. உங்கள் பங்குத்தந்தையின் சொந்தக் கருத்து என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்த உவமையை ஆண்டவர் எந்தக் கோடீசுவரரிடமும் சொல்லவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர், சொத்தில் என் பங்கைக் கொடுக்கும்படி என் சகோதரரிடம் சொல்லும் என்று கேட்டார். அவரிடம் சொன்னதுதான் இது. சாதாரணப் பாகப்பிரிவினைத் தகராறு. நம் பங்கில் அப்படி எத்தனை குடும்பங்கள் என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் இரண்டு மாடி கட்டினால் தம்பிக்கு மூன்று மாடி வேண்டும். அடுத்த வீட்டில் புதுநன்மை விழாவுக்கு முந்நூறு பேருக்கு விருந்து என்றால் நம் வீட்டில் ஐந்நூறு பேர், வட்டிக்கு வாங்கியாவது. ஊராகவும் இதைச் செய்கிறோம். பக்கத்து ஊர்க் கோபுரம் எத்தனை அடி என்று கேட்டுவிட்டு நம் கோபுரத்துக்கு வரைபடம் போடுகிறோம். கடவுளின் மகிமைக்கு என்று சொல்லிக்கொள்கிறோம். கடவுள் பக்கத்து ஊரிலும் இருக்கிறார். பங்குப் பேரவையில் கோபுரத்தைப் பற்றிப் பேச இருக்கிறோம். அதற்கு முன் நம் ஊரில் கடல் கொண்டுபோன வீடுகளின் கணக்கையும், கணவரைக் கடலுக்குக் கொடுத்த பெண்களின் பெயர்களையும் அன்பியங்கள் எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபுரத்தின் உயரத்தை அந்தப் பட்டியலை வாசித்தபின் முடிவு செய்வோம்.

'அஸாம்' முடிந்த அதே 2013இல், ஜூலை 8ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் உரோமைக்கு வெளியே தம் முதல் பயணமாக இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்து படகேறி வந்து கடலில் மடிந்தவர்களுக்காக மலர்வளையத்தை நீரில் இட்டார். உடைந்த படகே பீடம். திருக்கிண்ணமும் அகதிகள் படகின் மரத்தில் செய்தது. இவர்களுக்காக அழுதவர் யார் என்று கேட்டார். மூன்று மாதத்தில், அக்டோபர் 3ஆம் நாள், அதே தீவுக்கு அருகே இன்னொரு படகு கவிழ்ந்து 368 பேர் இறந்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து 2023 ஜூன் 14 அதிகாலையில் கிரேக்க நாட்டின் பைலோசுக்குத் தென்மேற்கே 'அட்ரியானா' என்ற மீன்பிடிப் படகு மூழ்கியது. லிபியாவின் தோப்ருக்கிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்டது அது. பாகிஸ்தானியர், எகிப்தியர், சிரியர், பாலஸ்தீனியர் என்று சுமார் 750 பேர் அதில் இருந்ததாகக் கணக்கு. பெண்களும் குழந்தைகளும் அடித்தளத்தில் இருந்தார்கள். ஆபத்துச் செய்தி கேட்டு இருளில் விரைந்து வந்த கப்பல்களில் ஒன்று 'மாயன் குயின் 4'. 93 மீட்டர் நீளச் சொகுசுக் கப்பல், மெக்சிகோவின் பெருஞ்செல்வக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது, 'எக்லிப்ஸ்' உருவான அதே ஹாம்பர்க் தளத்தில் கட்டியது. உயிர் தப்பியவர்கள் மொத்தம் 104 பேர். அவர்களில் 100 பேரைக் கலமாட்டா துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது அந்தக் கப்பல்தான்.

காலையில் உப்புக் கறை துடைக்கும் ஊழியர்கள் அன்றிரவு அந்தத் தளத்தில் டீசல் நனைந்த மனிதர்களை ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் யாரிடமும் பெயர் கேட்கவில்லை, காகிதம் கேட்கவில்லை என்று நான் நம்புகிறேன். கடலில் தத்தளிப்பவரை விட்டுப் போகக்கூடாது என்ற சட்டம் நமக்கும் தெரியும். 2017இல் ஒக்கிப் புயலுக்குப்பின் காணாமற்போனவர்களைத் தேடி நம் கடற்கரை மக்கள் தாங்களே படகெடுத்துப் போனார்கள். அப்போது எவர் படகு பெரியது என்று எவரும் பார்க்கவில்லை. கிரேக்கக் கடலில் அந்தப் பெரும் கப்பல் ஒரே ஓர் இரவு தன் நீளம் முழுவதையும் பயன்படுத்தியது. அதற்குச் செல்வமும் எந்திரமும் வேகமும் வேண்டியிருந்தன என்பதும் உண்மை. எனவே செல்வத்தைச் சபிக்க எனக்கு வாய் வரவில்லை. அது அப்படித் திரும்ப முடியும் என்று பார்த்தபின், மற்ற இரவுகளில் அது எங்கே நங்கூரமிட்டுக் கிடக்கிறது என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உயிர் தப்பிய 104 பேரில் ஒரு பெண்கூட இல்லை. அடித்தளத்தில் இருந்தவர்கள் மத்தியதரைக் கடலின் மிக ஆழமான பகுதிகளுள் ஒன்றில் இன்றும் கிடக்கிறார்கள். இன்றைய விசுவாசிகளின் மன்றாட்டில் அவர்களுக்காக ஒரு மன்றாட்டைச் சேர்த்திருக்கிறேன். அன்றிரவு அவர்களை நோக்கிக் கப்பலைத் திருப்பிய மாலுமிகளுக்காகவும், தங்கள் கப்பல்களை இன்னும் அப்படித் திருப்பாத செல்வர்களுக்காகவும் அடுத்த மன்றாட்டு. இரண்டையும் நம் மீனவச் சகோதரர்களே வாசிப்பார்கள். எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.